ஹோட்டல் கோஸுக்கு 65,000 ரூபா கட்டி ஏமாந்தேன், நீங்கள் கட்ட முதல் வாசியுங்கள்

வாழைச்சேனை, கல்குடாப் பக்கம் ஹோட்டல் வேலைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது.

2020 மார்ச்சில் விமான நிலையத்தை மூடியதோடு பாசிக்குடாவில் நான் பார்த்த படகு வேலையும் போனது. 2021இல் நாடு முழுக்கவே இரண்டு இலட்சம் சுற்றுலாப் பயணிகள்கூட வரவில்லை. 2023இல் வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்க, பழைய ஆட்கள் மாலைதீவு, கட்டார் என்று போய்விட்டார்கள், ஹோட்டல்களில் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மட்டக்களப்பு ரவுனில் ஒரு தனியார் நிறுவனம் ‘ஆறு மாதம், என்.வி.கியூ. 4, வேலை உறுதி’ என்று பானர் கட்டியது (என்.வி.கியூ. என்றால் அரசின் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்). அம்மாவின் காப்பை அடகு வைத்துக் காசைக் கட்டினேன்.

வகுப்பில் கட்டிலே இல்லை. இரண்டு வாங்குகளை ஒட்டிப் போட்டு, மேலே ஷீட் விரித்து மூலை மடிக்கப் பழக்கினார்கள், ஒரு ஷீட்டுக்குப் பதினெட்டுப் பேர். ‘ட்ரெயினிங்’ என்று அனுப்பிய இடத்தில் இரண்டு மாதம் புல்லு வெட்டினேன் (சம்பளம் கேட்டால், பழகுகிற பிள்ளைக்கு என்ன சம்பளம் என்றார்கள்). அப்புறம் பாசிக்குடாவில் நேர்முகத்துக்குப் போனால், ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒரு கட்டிலைக் காட்டி விரிக்கச் சொன்னார். மெத்தையைத் தூக்கித்தான் ஷீட்டைச் சொருக வேண்டும் என்பது என் கைக்குத் தெரியவில்லை, வாங்கில் தூக்க என்ன இருக்கு? சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது என்.வி.கியூ. இல்லையே” என்றார்.

கோஸ் நடத்தியவர்கள் சுவரில் தொங்கவிட்டிருந்தது உண்மையான பதிவுப் பத்திரம்தான், ஆனால் அதிலிருந்தது கம்பியூட்டர் கோஸ். அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகும் கோஸுக்குத் தரச்சான்று இருப்பது வேறு. அந்த இரண்டாவதைக் கேளுங்கள், அவர்கள் சுவரில் காட்டும் பத்திரத்தை நம்பாமல் ஆணைக்குழுவிடமே கேளுங்கள். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, பற்றுச்சீட்டில் ‘பதிவுக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது’ என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். வாங்கும்போது நான் தொகையை மட்டும்தான் பார்த்தேன்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் கோஸே படிக்கத் தேவையில்லை, அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் முறையும் இருக்கு. இதை அந்த அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். நாள் கூலிக்கு இப்போது அவரிடம்தான் கட்டில் விரிக்கிறேன்.

ரவுனில் அந்தப் பானர் இன்னும் தொங்குது, இப்போது எட்டு மாதக் கோஸாம்.