ரோல்ஃபிங்கா, அலெக்சாண்டரா, ஃபெல்டன்கிரைஸா?

மாதக்கணக்கில் இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. "உட்காரும் விதத்தை மாத்திக்கோங்க" என்று டாக்டரும் சொல்லி அனுப்பிவிட்டார். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவர் அடுத்து என்ன செய்யலாம் என்று தேடினால், இந்த மூன்று பெயர்களும் சீக்கிரமே கண்ணில் படும். உடம்பு தன்னைத் தாங்கி நிற்கும் விதத்தைச் சரிசெய்கிறோம் என்றுதான் மூன்றுமே சொல்கின்றன. ஆனால் அந்த வேலையைச் செய்வது யார், சிகிச்சை தருபவரா நாமா என்பதில் மூன்றும் மூன்று வழி.

ரோல்ஃபிங்கில் பெரும்பாலும் சிகிச்சை தருபவர்தான். இதை உருவாக்கிய ஐடா ரோல்ஃப் (1896–1979) கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷன்', அதாவது உடல் கட்டமைப்பை ஒருங்கிணைத்தல். 1960களில் கலிஃபோர்னியாவில் எசலென் என்ற பயிற்சி மையத்தில் அவர் வகுப்பெடுத்தபோது அது பிரபலமானது. அவருடைய பெயரை ஒட்டிய 'ரோல்ஃபிங்' பின்னாளில் வணிகச் சின்னமாகிவிட்டது. அதனால் வேறு பள்ளிகளில் படித்தவர்கள் பழைய பெயரையே போட்டுக்கொள்கிறார்கள்.

அவர் குறிவைத்தது ஃபேசியாவை. ஆட்டுக்கறி வெட்டும்போது தசையோடு ஒட்டிக்கொண்டு வருமே வெள்ளைச் சவ்வு, அதுதான். உடல் முழுக்க ஒரே வலையாக ஓடும் இந்தச் சவ்வு அங்கங்கே இறுகிவிட்டால் உடம்பு கோணிப்போகிறது, புவியீர்ப்போடு சதா மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. எனவே விரல், மடக்கிய கைமுட்டி, முழங்கை என எல்லாவற்றாலும் மெதுவாக, ஆழமாக அழுத்துவார்கள்.

மொத்தம் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் மூன்றும் மேலோட்டமானவை. மூச்சுக்கான விலா எலும்புப் பகுதி, பாதம், பக்கவாட்டு என்று போகும். நாலு முதல் ஏழு வரை ஆழத்துக்கு இறங்குவார்கள். ஏழாவதில் கையுறை போட்ட விரல் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள், இருந்தாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கடைசி மூன்றும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுபவை.

சரி, சவ்வு உண்மையிலேயே இளகுகிறதா? 2008-இல் வந்த ஒரு கணித ஆய்வின்படி, தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் இருக்கும் கெட்டியான ஃபேசியாவை ஒரு சதவீதம் நசுக்குவதற்கே மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை வேண்டும். ஆனாலும் சிகிச்சை மேசையிலிருந்து எழுந்தவர்கள் இலகுவாக இருக்கிறது என்கிறார்கள். அழுத்தத்துக்கு நரம்பு மண்டலம் காட்டும் எதிர்வினை அது என்ற விளக்கத்துக்கு இப்போது ஆதரவு கூடியிருக்கிறது. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. சிகிச்சை பலன் தந்தது என்பதற்காக, அதற்குச் சொன்ன காரணமும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே.

அலெக்சாண்டர் டெக்னிக் இதற்கு நேர் எதிர். டாஸ்மேனியாவில் பிறந்த எஃப்.எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதை ஒப்பிப்பவர். குரல் அடிக்கடி கட்டிக்கொண்டது. கண்ணாடி முன் நின்று பார்த்தபோது, பேச வாயெடுத்ததுமே தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தை அமுக்குவது தெரிந்தது. அந்தப் பழக்கத்தைக் கவனித்து நிறுத்தக் கற்றுத்தருவதே அவர் முறை. இங்கே நீங்கள் நோயாளி இல்லை, மாணவர். உடையைக் கழற்ற வேண்டாம். நாற்காலியில் உட்காருவதும் எழுவதும்தான் பாதி வகுப்பு. ஆசிரியரின் கை லேசாகத் தொட்டு வழிகாட்டும், அவ்வளவுதான். நடிகர்களும் இசைக்கலைஞர்களும் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை. 1973-இல் நோபல் பரிசு பெற்ற, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டின்பெர்கன் தன் நோபல் உரையிலேயே இதைப் புகழ்ந்திருக்கிறார்.

மோஷே ஃபெல்டன்கிரைஸ் இயற்பியலாளர், ஜூடோக்காரர், முழங்காலில் அடிபட்டவர். தரையில் படுத்துக்கொண்டு சின்னச் சின்ன அசைவுகளை மிக மெதுவாகச் செய்து, மூளைக்கு வேறு வழிகளைப் பழக்குவது அவர் பாணி. குழுவாகச் செய்யலாம் என்பதால் செலவு குறைவு, வலியும் இல்லை. பொறுமை இல்லாதவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஆதாரம் என்று பார்த்தால் அலெக்சாண்டர் முந்துகிறது. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு நாலு வாரத்தில் 21 நாள் வலி. 24 பாடம் படித்தவர்களுக்கு 3 நாள்தான். சாதாரண மசாஜ் செய்துகொண்டவர்களுக்கு 14 நாள். ரோல்ஃபிங் பக்கம் இருப்பது, பாஸ்டனில் 46 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியான முன்னோட்ட ஆய்வு. வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சையோடு இதையும் சேர்த்தபோது அன்றாட வேலைகளைச் செய்வதில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. வலி குறைந்ததில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்திரேலிய அரசோ, ஆதாரம் போதாது என்று 2019 ஏப்ரலில் மூன்றையும் தனியார் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலில் யோகாவும் இருந்தது என்பதால் அதை மட்டும் வைத்து ரோல்ஃபிங்கைக் குறைசொல்ல மாட்டேன்.

நாள்பட்ட முதுகுவலிக்கு என்னைக் கேட்டால் அலெக்சாண்டர் என்பேன். ஆனால் 24 வகுப்புக்குப் போய், நடுவே வீட்டிலும் தன்னைக் கவனித்துக்கொண்டே இருக்க எல்லோராலும் முடியாது. பத்தோடு முடிகிறது என்ற தெளிவு ரோல்ஃபிங்கின் பெரிய கவர்ச்சி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்), காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மேசையில் ஏறக் கூடாது. மற்றவர்களும் பத்துக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். முதல் மூன்றும் தனியாகவே ஒரு சுற்று போல அமைந்தவை. அதோடு நிறுத்தி, இரண்டு வாரம் நடந்து பார்த்துவிட்டு நாலாவதுக்கு நாள் குறிக்கலாம்.