எடிட்டர் கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

போன வாரம் நாகர்கோவிலில் இருந்து ஒரு அண்ணாச்சி போன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு காலத்தில் டிமாஸ் என்ற இணையதள டைரக்டரியின் தமிழ்ப் பிரிவில் என்னோடு தன்னார்வ எடிட்டராக இருந்தவர். "யம்மா, பழைய எடிட்டர் கணக்க மீட்டுத் தாரோம்னு வாட்ஸ்அப்புல ஒருத்தன் அனுப்பியிருக்கான். பதினஞ்சாயிரம் கேக்கான். கர்லியில சேத்து விட்ருவானாம். குடுக்கலாமா?" என்றார். டிமாஸ் மூடிய பிறகு அதன் தொடர்ச்சியாக நடக்கிற டைரக்டரிதான் கர்லி.

"குடுத்துராதீங்க அண்ணாச்சி" என்று கத்தியே விட்டேன். 2010இல் இதே வலையில் விழுந்து 8,000 ரூபாயையும் ஏழு வருடம் உழைத்த கணக்கையும் தொலைத்தவள் நான். இதை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. அதே ஏமாற்று வேலை இன்னும் நடக்கிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க மனம் ஒப்பவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இணையதளங்களை மனிதர்களே பார்த்துப் படித்து, வகை பிரித்துப் பட்டியலிட்ட டைரக்டரி டிமாஸ். 1998இல் தொடங்கியது. அந்த வருடமே நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் வாங்கி, பிறகு ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் கைக்குப் போனது. எடிட்டர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. தளத்தைச் சேர்க்கவும் கட்டணம் கிடையாது. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கூகுளே 2011 வரை தன் டைரக்டரியை இதிலிருந்து எடுத்துத்தான் நடத்தியது. தேடல் முடிவுகளில் தளத்தின் பெயருக்குக் கீழே வரும் விவரத்துக்குக்கூட சில நேரம் நாங்கள் எழுதிய வரியைப் போடுவார்கள். ஒரு எடிட்டர் கணக்குக்கு வெளியில் விலை வந்தது அதனால்தான். உள்ளே இருந்த எங்களுக்கு அந்த விலை தெரியாது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். படித்தது நூலக அறிவியல். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன், புத்தகங்களை வகை பிரிக்க 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பாடமாகப் படித்தவளுக்கு, இணையத்தையே வகை பிரித்து அடுக்குகிறார்கள் என்றதும் கை துறுதுறுத்தது. 2003இல் சேர்ந்தேன். ராத்திரி சமையல்கட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் மணி பன்னிரண்டாகும். அப்போது பாதித் தமிழ்த் தளங்கள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும், மீதி ஆளுக்கொரு எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி வைத்த, தொப்பி போட்ட ரோமன் எழுத்துகள்தான் தெரியும். எழுத்துருவைத் தேடி இறக்கி, தளத்தை முழுக்கப் படித்து, அதைப் பற்றி ஒரே வரி எழுத வேண்டும். 'சிறந்த', 'முன்னணி' என்றெல்லாம் எழுதக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். 'நெல்லை மாவட்டக் கோயில்களின் வரலாறு, படங்கள், போகும் வழி.' இப்படி ஒரு வரிக்கு அரை மணி நேரம் செலவழித்திருக்கிறேன். 2006 கடைசியில் சர்வர் பழுதாகி எடிட்டிங் வாரக்கணக்கில் நின்றபோதுகூட நோட்டில் எழுதிச் சேர்த்து வைத்தேன்.

ஆளுக்கொரு பக்கம் இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. எங்கள் பிரிவில் எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் அங்கேதான் இருந்தன. செத்துப்போன இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வேறு முகவரிக்கு மாறியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த வேலை பாதியில் இருக்கும்போது, ஜனவரியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, வீடு, கல்லூரி. கணினிப் பக்கமே போகவில்லை.

நான்கு மாதம் ஒரு எடிட்கூடச் செய்யாவிட்டால் கணக்கு தானாக முடங்கிவிடும் என்பது விதி. எனக்கும் தெரியும். மே மாதக் கடைசியில் நுழையப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பச் சேர்க்கக் கேட்கும் படிவம் லாகின் பக்கத்திலேயே இருந்தது. காரணம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. பரிசீலிப்பவர்களும் நம்மைப் போலத் தன்னார்வலர்கள்தானே, அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பார்கள். அந்தப் பொறுமை எனக்கு இல்லாமல் போய்விட்டது.

தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் தொழில் செய்யும் ஆள். போன் செய்தேன். "நான் மெட்டா எடிட்டர் மேடம். உங்க ஃபைல் எங்ககிட்டதான் நிக்குது" என்றார். மெட்டா எடிட்டர் என்றால் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேல்நிலை எடிட்டர். நான் சொல்லாமலே என் பயனர் பெயரைச் சொன்னார், எந்தெந்தப் பிரிவு என்றும் சொன்னார். அதிலேயே நம்பிவிட்டேன். எடிட்டர்களின் விவரப் பக்கம் ஊருக்கே திறந்து கிடந்தது, யாரும் பார்த்துச் சொல்லலாம் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. முன்பணம் 4,000, கணக்கு கிடைத்ததும் இன்னொரு 4,000. வங்கியில் சலான் எழுதிக் கட்டினேன். "உறுதி பண்ற மெயில் உங்களுக்குத்தான் வரும், உடனே பதில் போடணும். மெயில் பாஸ்வேர்டையும் குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "கிடைச்சிருச்சு மேடம்." மீதிப் பணத்தைக் கட்டினேன். ஒரு புது பாஸ்வேர்டு சொன்னார், உள்ளே போக முடிந்தது. அன்றைக்கு ராத்திரி, விட்ட இடத்திலிருந்து பதினாலு செத்த இணைப்புகளைச் சரி செய்துவிட்டுத்தான் படுத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து என் எடிட் பதிவைத் திறந்தால், நான் செய்யாத எடிட்கள். வீட்டுக் கடன் வாங்கித் தருகிற புரோக்கரின் தளம் 'சமூகம்' பிரிவில் இருக்கிறது. முடி வளர எண்ணெய் விற்கும் தளம் 'மருத்துவம்' பிரிவில். 'நம்பர் ஒன்', 'மிகச் சிறந்த' என்றெல்லாம் விவரம், என் பெயரில். நான் பார்த்துப் பார்த்து எழுதிய ஒரு கோயில் தளத்தின் முகவரியையே மாற்றி, ஒரு டிராவல்ஸ் தளத்துக்குத் திருப்பியிருந்தார்கள். நெஞ்சு அடைத்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நீக்கினேன். மறுநாள் கணக்கு மூடப்பட்டிருந்தது. இந்தத் தடவை முடக்கம் இல்லை, நீக்கம்.

அதற்குப் பிறகுதான் மெயிலின் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அழித்த கடிதம் அங்கே முப்பது நாள் கிடக்கும். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற கடிதம் அதில் இருந்தது. நான் மே மாதம் இலவசமாக அனுப்பிய அதே விண்ணப்பத்துக்கு வந்த பதில். முன்பணம் கட்டிய மூன்றாம் நாளே வந்திருக்கிறது. அந்த ஆள் அதைக் குப்பையில் தள்ளிவிட்டு, புது பாஸ்வேர்டு போட்டு, ஒன்பது நாள் என் பெயரில் தன் வாடிக்கையாளர்களின் தளங்களை நுழைத்திருக்கிறார். மீட்டுத் தருவதற்கு ஒரு துரும்பைக்கூட அவர் எடுத்துப் போடவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என் கணக்கு தானாக என் கைக்கு வந்திருக்கும்.

போன் செய்து கேட்டேன். "பாஸ்வேர்டு நீங்கதானே மேடம் குடுத்தீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

நடந்ததை மறைக்காமல் மேல்நிலை எடிட்டர்களுக்கு எழுதினேன். திரும்பச் சேர்க்க முடியாது என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாவியைக் கொடுத்தது நான். 2017 மார்ச் 17ஆம் தேதி டிமாஸே மூடப்பட்டது. பழைய எடிட்டர்கள் பலர் சேர்ந்து அந்தப் பட்டியலை கர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள். அண்ணாச்சிக்கு வந்த வலை அந்தப் பெயரை வைத்துத்தான்.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கர்லியிலும் எடிட்டராகச் சேரக் காசு கிடையாது. நேரே தளத்துக்குப் போய் நீங்களே விண்ணப்பியுங்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை, வந்தால் எந்தப் பிரிவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நாலு வரி உண்மையாக எழுதுங்கள். உங்களுக்குச் சொந்தமான, நீங்கள் வேலை பார்க்கிற தளம் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு காத்திருங்கள், மாதக்கணக்கானாலும் சரி. நடுவில் ஒருவர் வந்து 'உங்க ஃபைல் என்கிட்ட இருக்கு' என்றால் அவர் எடிட்டராகவே இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள், காசு வாங்குகிற எடிட்டரை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். மெயில் பாஸ்வேர்டைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். குப்பைப் பெட்டியைப் பாருங்கள். உங்கள் மெயில் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்களா என்று செட்டிங்கிலும் பாருங்கள். பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு எண் இல்லை, போலீசுக்குப் போகத் துணிச்சலும் இல்லை.

அண்ணாச்சி பணம் அனுப்பவில்லை. நேற்று ராத்திரி என்னைப் போனில் வைத்துக்கொண்டே விண்ணப்பத்தை அவரே எழுதி அனுப்பினார். தமிழ்ப் பிரிவில் எத்தனை இணைப்பு செத்துக் கிடக்கிறது என்று இன்று காலையிலிருந்தே நோட்டில் குறிக்க ஆரம்பித்துவிட்டாராம்.