கோவளம் அலைகளுக்கு மேலே மூன்றரை வருடம்: டிரோனில் சர்ஃபிங் எடுத்த அனுபவம்

டிரோன் வாங்கலாமா, அதை வைத்துக் கடலில் சர்ஃபிங் எடுக்க முடியுமா என்று கேட்டு நிறையப் பேர் மெசேஜ் போடுகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 2021 கடைசியில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் டிஜேஐ மினி 2 என்ற சின்ன டிரோன் ஒன்றைக் கைமாற்றி வாங்கினேன். நான் எடுப்பது சென்னைக்குத் தெற்கே நம்ம ஈசிஆர் கோவளத்தில்தான், வாரத்தில் சனி ஞாயிறு இரண்டு நாளும் விடிகாலையில். இடையில் ஒன்று கடலில் போனது, அதே மாடலில் இன்னொன்றைப் பழையதாகத் தேடி வாங்கினேன். ஆக, ஒரே மாடல் இரண்டு, மூன்றரை வருடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரோன் ஓட்டத் தெரிவது இந்த வேலையில் கால்வாசிதான், மிச்சம் முழுக்க அலை. முதல் ஆறு மாதம் நான் எடுத்த கிளிப் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆள் போர்டில் எழுந்து நின்றதும் அவரைத் துரத்துவேன், நான் கிட்டே போவதற்குள் அலை முடிந்துவிடும், படத்தில் இருப்பது அவருடைய முதுகும் வெள்ளை நுரையும் மட்டும். அங்கே சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர், அந்தக் குப்பத்திலேயே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், ஒருநாள் என் திரையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஆளையே பாக்குற. அலையப் பாரு, ஆளு தானா அங்க வந்து நிப்பான்" என்றார். அன்றிலிருந்துதான் எனக்குப் படம் வர ஆரம்பித்தது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. அலை ஒவ்வொன்றாக வருவதில்லை, செட்டாக வரும், அதாவது சில அலைகள் அடுத்தடுத்துக் கூட்டமாக வரும். செட்டின் முதல் அலையை அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அடுத்ததுக்கோ அதற்கும் அடுத்ததுக்கோதான் கை போடுவார்கள். தூரத்தில் தண்ணீர் கொஞ்சம் கறுத்து ஒரு கோடாக எழும்புவது தெரிந்ததும் டிரோனைக் கொண்டுபோய் அந்த அலை உடையப் போகும் இடத்துக்கு வடக்கே நிறுத்திவிட்டு, கேமராவைத் தெற்கே திருப்பி வைத்துக் காத்திருப்பேன். கோவளத்தில் சர்ஃபிங் செய்யும் பாயிண்டில் தெற்கிலிருந்து வரும் அலை வடக்கு நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே போகும், அதனால் கரையைப் பார்த்து வருபவர் தன் வலது பக்கமாகப் போவார், அதாவது நேராக என் கேமராவை நோக்கி வருவார். நான் அவர் வேகத்துக்கு டிரோனைப் பின்வாங்கிக்கொண்டே போனால் போதும். முகம், அலையின் சுவர், போர்டு வெட்டும் கோடு எல்லாம் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். மினி 2-ல் ஆளைத் தானாகப் பின்தொடரும் வசதி கிடையாது. அதே கம்பெனியின் பெரிய மாடலான ஏர் 2எஸ் வைத்திருக்கும் நண்பனுடைய மெஷினில் அது இருக்கிறது, சேர்ந்து போட்டுப் பார்த்தோம். அமைதியான தண்ணீரில் துடுப்புப் போடுபவரை அழகாகப் பின்தொடர்கிறது. நுரைக்குள் ஆள் மறைந்த நொடியில் விட்டுவிடுகிறது. ஆகவே அந்த ஒரு வசதிக்காக மட்டும் பெரிய மெஷினுக்குக் காசு போட வேண்டாம் என்பது என் கருத்து.

கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேர் மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், கோலம் போட்ட மாதிரி நுரை விரியும். ஆனால் அலையின் உயரம் சுத்தமாகக் காணாமல் போய்விடும். மார்பளவு அலையும் முழங்கால் அளவு அலையும் ஒன்றுபோலவே தெரியும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய அலையைத் தட்டையாகக் காட்டினால் அந்தப் பையனுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும்! இப்போது எட்டு முதல் பத்து மீட்டர் உயரத்தில், ஆளுக்குத் தள்ளி, கேமராவை இருபது டிகிரி போலக் கீழே சாய்த்து எடுக்கிறேன். அலை எழும்பி நிற்பது அப்போதுதான் தெரிகிறது.

நேர்க்குத்துக் கோணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை, அது பாடம் சொல்வதற்கு. ஒரு பெண் நாலு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தாள், எழுந்து நிற்பதற்குள் ஒவ்வொரு தடவையும் அலை அவளைத் தாண்டிப் போய்விடும். கைக்குப் பலம் போதவில்லை என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து அரை மணி நேரம் எடுத்த கிளிப்பைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மற்றவர்கள் காத்திருக்கும் இடத்திலிருந்து இரண்டு போர்டு நீளம் தெற்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், அங்கே அலை எழும்புவதே தாமதமாகத்தான். தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அடுத்த வாரம் இடம் மாறி உட்கார்ந்தாள், மூன்றாவது அலையிலேயே நின்றாள். என் வரையில் டிரோன் வாங்கிய காசு அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

போட்டிக்குத் தயாராகிறவர்கள் மட்டும் டிரோன் படத்தை மட்டும் நம்பாதீர்கள். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டி நடந்தபோது பார்வையாளனாகப் போய் நின்றேன். நடுவர்கள் கரையிலிருந்துதான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மதிப்பெண், அதில் சிறந்த இரண்டைக் கூட்டிக்கொள்வார்கள். அவர்கள் பார்க்கும் கோணத்தில் உங்கள் திருப்பம் எப்படித் தெரிகிறது என்பதற்குக் கரையில் ட்ரைபாடு வைத்து எடுத்த படமும் கூடவே வேண்டும்.

கேமரா செட்டிங் சுருக்கமாக. இதில் லென்ஸ் துவாரம் எஃப் 2.8-லேயே நிலையாக இருக்கும், மாற்ற முடியாது, ஆகையால் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் மேல் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் இல்லாமல் கடற்கரை வெளிச்சத்தைச் சமாளிக்க முடியாது. விடிந்ததும் என்டி 8, வெயில் ஏறியதும் இன்னும் கறுப்பான 32. வேகத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக 4கே-யை விட்டுவிட்டு 2.7கே-யில் நொடிக்கு 60 சட்டகம் வைக்கிறேன், 4கே-யில் 30-தான் கிடைக்கும். நுரை வெளுத்துப் போனால் திரும்பக் கொண்டுவரவே முடியாது, அதனால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே வைப்பேன்.

அடுத்தது காற்று. கடலுக்குப் புதிதாக வருபவர்கள் மெஷினை இழப்பது பெரும்பாலும் இதில்தான். விடிகாலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும், கோடையில் மேற்கேயிருந்து கச்சான் என்றால் நன்றாகவே அடிக்கும். சர்ஃபர்களுக்கு அதுதான் நல்ல நேரம், அலையின் முகத்தைத் தடவிச் சீவிவிட்ட மாதிரி ஆக்கிவிடும். டிரோனுக்கு அது ஒரு பொறி. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போவதால் பேட்டரி இறங்குவதே தெரியாது. திரும்பும்போது முழுக்க எதிர்க்காற்று. 2022 ஜூனில் நானூறு மீட்டர் உள்ளே போயிருந்தேன், 45 சதவீதம் இருந்தது, நிதானமாகத் திருப்பினால் திரையில் தூரம் குறையவே இல்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் நின்ற இடத்திலேயே தவித்துக்கொண்டிருக்கிறது, பேட்டரி மட்டும் இறங்குகிறது. தண்ணீர்ப் பக்கம் காற்று குறைவாக இருக்கும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து ஆறு மீட்டருக்கு இறக்கி, வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். கையில் பிடித்தபோது 9 சதவீதம். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

31 நிமிடம் பறக்கும் என்பது காற்றில்லாத இடத்துக் கணக்கு. கோவளத்தில் நான் நம்பிப் பறப்பது பதினெட்டு, இருபது நிமிடம். பேட்டரி 40 சதவீதத்துக்கு வந்தால் எது நடந்துகொண்டிருந்தாலும் திருப்பிவிடுவேன். நொடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர் வரை காற்றைத் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், அந்த எல்லை வரைக்கும் போய்ப் பார்க்காதீர்கள். எனக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. உடையும் அலைக்கு அப்பால், நடுக்கடலில் வெள்ளை வெள்ளையாக நுரை தெறிக்க ஆரம்பித்தால் பையை மூடிவிடுவேன்.

மணலும் உப்பும். மணலிலிருந்து நேராக ஏற்றவே கூடாது, இறக்கை சுழன்றதும் பொடி மணல் கிளம்பிக் கேமராவைத் தாங்கும் கிம்பலுக்குள் போய் உட்காரும். நான் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் மீன் பெட்டியைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கை விரித்து அதிலிருந்து ஏற்றுகிறேன். இறக்குவது கையில்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உடம்பு, இறக்கை, மோட்டார் மூடி எல்லாம் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். பேட்டரி முனைகளையும் விடாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் நான் விட்டேன், பச்சை பிடித்துவிட்டது. இறக்கையின் முன்விளிம்பை நகத்தால் நெருடிப் பார்த்துச் சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

சரி, போன மெஷின் கதை. 2024 ஜனவரியில் ஃபைபர் படகிலிருந்து எடுத்தோம். படகில் இரண்டு விஷயம் முக்கியம். டிரோன் தான் கிளம்பிய இடத்தைத்தான் வீடு என்று நினைவில் வைத்திருக்கும், படகோ நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வீட்டுப் புள்ளியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்தேன். இரண்டாவதைத் தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன். கையை அடியில் நீட்டினால் அதன் கீழ் சென்சார் தரை வந்துவிட்டது என்று நினைத்து மேலே ஏறப் பார்க்கும். ஆடுகிற படகில் ஒரு அலை எங்களைத் தூக்க, அது மேலே போக, நான் எட்டிப் பிடிக்க, இறக்கை ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டு அப்படியே சாய்ந்து தண்ணீருக்குள் போனது. கூட இருந்த பையன் குதித்து எடுத்துவிட்டான். பேட்டரியைச் சுற்றிக் குமிழி வந்துகொண்டிருந்தது, கழற்றித் தனியாக ஒரு வாளியில் போட்டோம். உப்புத் தண்ணீரில் விழுந்ததை ஆன் செய்து பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும், செய்யாதீர்கள். மெமரி கார்டை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் காயவைத்தேன், படம் எல்லாம் இருந்தது. மெஷினைச் சென்னையில் ஒரு கடையில் கொடுத்து ஆறு வாரம் அலைந்து, கடைசியில் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை வந்ததிலிருந்து உதிரிபாகமும் சர்வீஸும் இப்படித்தான் இழுபடுகின்றன, வாங்குவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். படகில் இப்போது நான் ஓட்டுவேன், இன்னொருவர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பார்.

பருந்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மீன் இறங்கும் நேரத்தில் கரைக்கு மேலே வட்டமடிக்கும். விரட்டி வந்தால் கீழே இறக்காமல் நேராக மேலே ஏற்றுங்கள், எனக்கு மூன்று தடவையும் அதுதான் காப்பாற்றியது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தத் தென்னந்தோப்புப் பக்கமே நான் போவதில்லை, அது அவற்றின் வீடு.

சட்ட விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நேனோ வகை, ஓட்டுவதற்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. மினி 2 எடை 249 கிராம். அதில் கூடுதலாகக் கால், மிதவை என்று மாட்டினால் எல்லையைத் தாண்டிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்று குறித்திருக்கும் பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் உச்சம். எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மண்டலம் மாறலாம். மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், அங்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது.

அனுமதி என்பது அரசாங்கத்திடம் மட்டும் வாங்குவது இல்லை. கரை குப்பத்து மக்களுடையது. வலை இழுக்கிறவர்கள் தலைக்கு மேல், கருவாடு காயவைக்கும் பெண்கள் மேல், குளிக்க வந்த குடும்பங்கள் மேல் பறக்கவிடுவது தப்பு. முதல் வாரமே பெரியவர்களிடம் போய் என்ன எடுக்கிறேன் என்று காட்டிவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு ஒருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை.

அப்படிக் காட்டப் போனபோதுதான் ஒரு பெரியவர் திரையில் விரல் வைத்து, "இங்க நுரை இல்ல பாத்தியா, கறுப்பா ஒரு சந்து போகுது, இதுலதான் தண்ணி உள்ள இழுக்கும்" என்றார். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெளுத்திருக்க, நடுவில் அமைதியாக இருக்கிற அந்த இடத்தைத்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து இறங்குகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் மணல் திட்டு எங்கே இருக்கிறது, சந்து எங்கே திறந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அது இடம் மாறுவதும் தெரியும். இப்போது சனிக்கிழமை காலையில் நான் முதலில் ஏற்றுவது சர்ஃபிங் எடுப்பதற்கு இல்லை. ஐம்பது மீட்டர் உயரத்தில் கரையோரமாக ஒரு நடை போய் வந்து, அந்தக் கிளிப்பைப் பயிற்சி கொடுக்கும் அண்ணனுக்கு அனுப்புகிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குப் பிள்ளைகளை எந்தப் பக்கம் இறக்குவது என்று கொடி நடுகிறார்.