ஸ்ட்ரெஸ் காட்டும் வாட்ச்: ஆறு மாசம் கட்டிப் பார்த்ததில்

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு மொபைல் கடையில் தை மாசம் வாங்கினேன், 3,799 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் வருகிற வாட்ச் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டி மேல் ‘ஸ்ட்ரெஸ் மானிட்டர்’ என்று போட்டிருந்தது, அதற்காகத்தான் வாங்கினேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது, கூட இருப்பது நான் மட்டும். “அக்கா, உன்னையும் கொஞ்சம் பாத்துக்கோ” என்று தம்பி போனில் சொல்வான். சொல்வதோடு சரி.

சார்ஜ் ஐந்து நாள் நிற்கிறது. ஆனால் கூட வந்த ரப்பர் ஸ்ட்ராப் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ஆகாது, பத்தே நாளில் மணிக்கட்டு சிவந்து அரிப்பு எடுத்தது, 150 ரூபாய்க்குத் துணி ஸ்ட்ராப் மாற்றினேன். துணி துவைத்தால் அதையும் நடை என்று எண்ணிக்கொள்கிறது, போகட்டும்.

இப்போது ஸ்ட்ரெஸ் கதைக்கு வருகிறேன். ரத்தினகிரி படியேறி முருகன் முன்னால் நின்றபோது 84 காட்டி, ‘அதிக அழுத்தம், மூச்சை இழுத்து விடுங்கள்’ என்றது. இன்னொரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டு நின்றாள், காட்பாடிக்குப் போகணுமாம், ஸ்டேஷனில் அப்பா காத்திருக்கிறாராம். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு மணி நேரம் பேசிப் பேசிப் படுக்கவைத்துவிட்டு வாட்சைப் பார்த்தால் 31, ‘நிதானம்’!

காரணம் எளிது. அடியில் மின்னும் பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தைப் பார்த்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று கணக்குப் போடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் குறைந்தால் அழுத்தம் என்கிறது. காபி குடித்தாலும், படியேறினாலும், வெயிலில் நின்றாலும் அந்தக் கணக்கு மாறிவிடும். மூளை கொடுக்கிற உத்தரவில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோனை விடுகிறதே, அதை இந்த வாட்ச் அளப்பதே இல்லை.

மன அழுத்தத்தை உடம்பில் எப்படிப் பார்ப்பது என்று தேடும்போதுதான் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் கண்ணில் பட்டார். அமெரிக்காவில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்து உளவியலாளர், கணவர் ரொனால்ட் கிளேசர் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரர், இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள். மறதி நோய் வந்த சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்கிற 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள், எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரே அளவுச் சின்னப் புண் போட்டார்கள். அதைப் போட்டோ எடுத்துப் பார்த்தார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரை வராவிட்டால் ஆறிவிட்டது என்று கணக்கு. மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள், பராமரிக்கும் பெண்களுக்கு 48.7 நாள். 1995-இல் வெளியானது. பிறகு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் அண்ணத்தில் லீவில் ஒரு புண், பரீட்சை நேரத்தில் ஒரு புண் போட்டுப் பார்த்தார்கள், பரீட்சைப் புண் ஆற சராசரியாக மூன்று நாள் கூடுதலாக ஆனது. ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொண்ட அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வாய் வலிக்கிறது. புண் ஆறத் தொடங்க முதலில் கொஞ்சம் அழற்சி வேண்டும், அதைக் கிளப்புகிற ரசாயனங்களைக் கார்ட்டிசால் அடக்கி வைக்கிறது.

படித்துவிட்டு என் கட்டைவிரலைப் பார்த்தேன். முள்ளுக் கத்தரிக்காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் பட்டது, முன்பெல்லாம் ஒரு வாரத்தில் மூடிவிடும், இந்த முறை மூன்று வாரம் இழுத்தது. வயசும் ஒரு காரணம்தான், ஒரு வெட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வாரமும் வாட்ச் எனக்குப் பெரும்பாலும் ‘நிதானம்’ என்றுதான் காட்டியது.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். ஸ்ட்ரெஸ் அறிவிப்பை அணைத்துவிட்டேன். தூக்கக் கணக்கு மட்டும் ஓரளவு சரியாக இருக்கிறது, அதற்குத்தான் அந்த அரை. ஒரு வாரம் தினமும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 3 மணி 10 நிமிடம், 2 மணி 50 நிமிடம் என்று, ஒரு வார்த்தையும் எழுதாமல் தம்பிக்கு அனுப்பினேன். இப்போது சனிக்கிழமை ராத்திரி வந்துவிடுகிறான், தாழ்ப்பாள் பக்கத்தில் அவன்தான் படுக்கிறான்.