"11 சீசனும் முழுசாக" என்று விற்கும் கேரல் பர்னெட் டிவிடி பெட்டி: ஏமாந்துவிடாதீர்கள்

ஆன்லைனில் ஒரு டிவிடி பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. "தி கேரல் பர்னெட் ஷோ, 11 சீசன், ஒரு எபிசோட் விடாமல்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். விலை 89 டாலர், தபால் செலவு இல்லை. அட்டையில் பச்சை வெல்வெட் திரைச்சீலையைக் கம்பியோடு சேர்த்து உடுத்திக்கொண்டு நிற்கும் கேரல் பர்னெட்டின் படம். அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களில் பழைய காமெடி ஷோ பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் சொல்கிறேன்: அந்தப் பெட்டி பக்கமே போகாதீர்கள். நான் வாங்கி, கடைக்காரனோடு மல்லுக்கட்டி, போன வாரம்தான் பணம் திரும்பி வந்தது.

கேரல் பர்னெட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1967 செப்டம்பரிலிருந்து 1978 மார்ச் வரை சிபிஎஸ் சேனலில் வாராவாரம் ஒரு மணிநேரம் ஸ்கெட்ச் காமெடி, அதாவது குட்டிக் குட்டி சிரிப்பு நாடகங்கள், நடத்தியவர். அந்த ஷோ அவருக்குக் கிடைத்த விதமே ஒரு கதை. 1962ல் சிபிஎஸ்ஸோடு பத்து வருட ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து: முதல் ஐந்து வருடத்துக்குள் இவர் கேட்டால், பாட்டு, நடனம், காமெடி கலந்த ஒரு மணிநேர வெரைட்டி ஷோ 30 எபிசோட் சேனல் கொடுத்தே ஆகவேண்டும். ஐந்தாம் வருடம் முடியப்போகிற கடைசி வாரத்தில், 1966 டிசம்பர் கடைசியில், போன் போட்டுக் கேட்டார். சேனல் பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஷரத்து இருப்பதே மறந்துபோயிருந்தது. வெரைட்டி ஷோ எல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், உனக்கு அழகாக ஒரு சிட்காம் தருகிறோம், அதைச் செய் என்றார்கள். வாராவாரம் ஒரே பெண்ணாக வர எனக்கு இஷ்டமில்லை, வேறு வேறு ஆளாக வரணும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். அது 11 வருடம் ஓடியது.

எங்கள் வீட்டில் இந்த ஷோவுக்குப் பெரிய ரசிகை அம்மா. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தார். ராத்திரி தூக்கம் வராமல் டிவியைத் திருப்பிக்கொண்டிருந்தவர், பழைய நிகழ்ச்சிகள் போடும் ஒரு சேனலில் இதைப் பிடித்துவிட்டார். இங்கிலீஷ் பாதிதான் புரியும். அதில் வரும் நடிகர் டிம் கான்வே வெள்ளை விக் வைத்துக்கொண்டு அரை அங்குலம் அரை அங்குலமாகக் காலை இழுத்து நடக்க, எதிரே சக நடிகர் ஹார்வி கார்மன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்க இங்கிலீஷ் எதற்கு? "ஏன்டா, அந்த ஊர்ந்து ஊர்ந்து வர்ற கிழவன் இன்னிக்கு வரலையா?" என்று தினம் கேட்பார். ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்பலாம் என்றுதான் பெட்டியை வாங்கினேன்.

வந்தது 30 டிவிடி. விளம்பரத்தில் எத்தனை டிவிடி என்ற பேச்சே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் கிட்டத்தட்ட 280 எபிசோட், விளம்பரம் போக ஒவ்வொன்றும் முக்கால் மணிக்கு மேல். நல்ல தரத்தில் ஒரு டிவிடியில் இரண்டு மணிநேரம், மிஞ்சிப்போனால் நான்கு மணிநேரம் ஏற்றலாம். 30 டிவிடியில் இது அடங்கவே அடங்காது.

சாப்பாடு முடிந்து அம்மாவும் நானும் உட்கார்ந்து "சீசன் 1, டிஸ்க் 1" போட்டோம். போட்டதும் ஒரு வீடு. கேரல் நடிக்கும் யூனிஸ் கத்துகிறாள், "மாமா" என்று கூப்பிடப்படும் அவள் அம்மா பதிலுக்குக் கத்துகிறாள். "தி ஃபேமிலி" ஸ்கெட்ச். பிரமாதமான ஸ்கெட்ச்தான், சந்தேகமில்லை. கேரலைவிட 16 வயது சின்னவரான விக்கி லாரன்ஸ் அவருக்கு அம்மாவாக நடித்தார், அது எடுபட்டது, பின்னால் தனித்தொடராகவே வந்தது. ஆனால் இந்தக் குடும்பம் முதன்முதலில் திரையில் வந்ததே 1974ல். 1967ன் முதல் டிஸ்க்கில் இவர்களுக்கு என்ன வேலை?

அடுத்து "சீசன் 3". அதில் லைல் வாகனரைக் காணோம். கட்டுமஸ்தான, அழகான அறிவிப்பாளராக முதல் ஏழு சீசனும் இருந்தவர் அவர், 1974ல்தான் விலகினார். அவருக்குப் பதில் டிம் கான்வே, அதுவும் நிரந்தர நடிகராக. கான்வே ஆரம்பத்திலிருந்தே அடிக்கடி வந்துபோனாலும், விருந்தாளியாகத்தான் வந்தார். நிரந்தரமாகச் சேர்ந்தது 1975ல்.

இதற்கப்புறம் எனக்கு வெறியே வந்துவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே 22, 23 நிமிடம். "சீசன் 4" என்று எழுதியிருந்ததும் "சீசன் 8" என்று எழுதியிருந்ததும் அச்சு அசல் ஒரே எபிசோட். திரையின் வலது மூலையில் ஒரு கலங்கிய கட்டம் எல்லாவற்றிலும் கூடவே வந்தது. சேனல் முத்திரையை மறைத்திருக்கிறார்கள். அதாவது டிவியிலிருந்து பதிவு செய்து, டிஸ்க்கில் எரித்து, அட்டை மட்டும் பளபளவென்று அடித்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஒரு மணிநேர ஷோவை, பாட்டு நடனத்தையெல்லாம் பெரும்பாலும் வெட்டிவிட்டு, ஸ்கெட்ச்சை மட்டும் வைத்து "கேரல் பர்னெட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்" என்று அரை மணிநேரமாகச் சுருக்கி 1977லிருந்து மறு ஒளிபரப்புக்கு விற்றார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது பிந்தைய சீசன்களைத்தான். முதல் ஐந்து சீசன் உரிமைச் சிக்கலில் மாட்டிப் பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 2015ல் டைம் லைஃப் நிறுவனம் "தி லாஸ்ட் எபிசோட்ஸ்" என்று வெளியிட்டபோதுதான் அது வீடுகளுக்கு வந்தது, அதுவும் தேர்ந்தெடுத்த எபிசோடுகள்தான். முதல் வருடங்களை நிறையப் பேர் பார்த்ததே இல்லை என்பதால் எதைப் போட்டு "சீசன் 1" என்றாலும் நம்பிவிடுவார்கள் என்று இந்த வியாபாரி கணக்குப் போட்டிருக்கிறான். (எனக்குப் பெட்டி விற்றவனுக்கும் டைம் லைஃபுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.)

அதிலும் நான் பொறுக்க முடியாமல் போன இடம் அட்டைப்பட ஸ்கெட்ச். 1976 நவம்பரில் வந்தது, "கான் வித் தி விண்ட்" படத்தைக் கிண்டலடித்த நீளமான நாடகம். போரில் எல்லாம் போய்விட்ட நாயகி, ஜன்னல் திரையைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள். படத்தில் அந்தத் துணியில் அழகாக உடை தைத்துக்கொள்வாள். இங்கே தைக்கவெல்லாம் இல்லை. படிக்கட்டில் இறங்கி வரும்போது திரைக்கம்பி தோளுக்குத் தோள் நீட்டிக்கொண்டிருக்கும். உடை பிரமாதம் என்கிறான் நாயகன். ஜன்னலில் பார்த்தேன், விட மனசு வரவில்லை என்கிறாள் இவள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். கம்பியை எடுக்காமல் விடலாம் என்ற யோசனை உடை வடிவமைப்பாளர் பாப் மாக்கியுடையது. அந்த உடை இன்று ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் டிஸ்க்கில் அவள் திரையோடு மாடிக்கு ஓடுகிறாள், உடனே பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது. படிக்கட்டு வரவே இல்லை! "அவ்வளவுதானா?" என்றார் அம்மா. அட்டையில் போட்டு விற்கிற காட்சியையே வெட்டியவனை என்ன சொல்வது?

கடைக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் பிளேயர் பழசாக இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். போட்டேன், யூனிஸ் அங்கேயும் கத்தினாள். இரண்டாவது பதில்: சர்வதேசப் பதிப்பில் சீசன் எண்கள் மாறும். 1974ல் எடுத்தது 1967க்குப் போகுமளவுக்கா மாறும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் பேரம் ஆரம்பித்தது: 15 டாலர் திருப்பித் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள். மாட்டேன் என்றதும், சீல் உடைத்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில், சரி, அனுப்புங்கள் என்று ஒரு வெளிநாட்டு விலாசம் கொடுத்தார்கள், தபால் செலவு என்னுடையதாம். அது கிட்டத்தட்ட பெட்டி விலைக்கே வரும்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், பார்சல் பட்டுவாடா ஆகிவிட்டது, புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு வரி. ஒரு மனுஷர் படித்துவிட்டு எழுதிய பதிலாகத் தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கேரல் பர்னெட்டே நினைவுக்கு வந்தார். 1976ல் "நேஷனல் என்கொயரர்" பத்திரிகை, அவர் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் குடித்துவிட்டு ரகளை செய்ததாகத் துணுக்கு போட்டது. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் குடியால் அழிந்தவர்கள். விடுவாரா? கோர்ட்டுக்குப் போய் 1981ல் ஜெயித்தார். ஜூரி கொடுத்தது 16 லட்சம் டாலர், பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. என்னுடையது வெறும் 89 டாலர் வழக்கு, கிரெடிட் கார்டு பேங்கோடு போயிற்று.

பேங்கில் புகார் கொடுக்கும்போது "பொருள் வரவில்லை" என்ற வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைப் பார்சல் எண்ணைக் காட்டியே உடைத்துவிடுவார்கள். "விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை" என்பதுதான் சரியான வகை. ஸ்டேட்மெண்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அது ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும். டிஸ்க்கைப் போட்டு, ஓடும் நேரம் தெரிகிற மாதிரி டிவித் திரையைப் போட்டோ எடுங்கள். கடைக்காரரோடு பேசுவதைத் தளத்துக்குள்ளேயே பேசுங்கள். வாட்ஸ்அப் எண் கொடுத்து வெளியே இழுப்பார்கள், போகாதீர்கள்.

நான் ஒரு தாளில் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் அந்த வருடமாக இருக்க முடியாது என்று எழுதி அனுப்பினேன். பேங்கிலிருந்து கூப்பிட்ட பெண்மணியிடம் லைல் வாகனர் போன வருடம், கான்வே சேர்ந்த வருடம் எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. பாதியில் அவரே, "அந்த மாமா, யூனிஸ் ஸ்கெட்ச்தானே?" என்று சிரித்துவிட்டார். அப்புறம் வேலை சுலபமாக நடந்தது. கடைக்காரன் பார்சல் எண்ணைக் காட்டி எதிர்வாதம் செய்தான், எடுபடவில்லை.

உண்மையான முழு எபிசோடா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சீசனின் முதல் எபிசோடுக்கும் விருந்தாளி நடிகரும் பாடகருமான ஜிம் நேபர்ஸ்தான், கேரலுக்கு அவர் ராசியான ஆள். விற்கிறவரிடம் "ஐந்தாம் சீசன் முதல் எபிசோடில் யார் விருந்தாளி?" என்று கேளுங்கள். நான் இப்போது இன்னொரு கடையில் கேட்டுப் பார்த்தேன், "டிம் கான்வே" என்று பதில் வந்தது.

என் கடைக்காரன் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்துவிட்டான். நான் போட்ட விமர்சனம் பழைய பெயரோடு போயிற்று. விலை இப்போது 79 டாலர், "முழுமையான" என்பது "ரசிகர் பதிப்பு" ஆகியிருக்கிறது. அட்டை மட்டும் அதேதான். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 11ஆம் சீசன் நடிகர் பட்டியலில் முதல் பெயர் ஹார்வி கார்மன் என்று இருக்கும். அவர் பத்தாம் சீசனோடு, 1977லேயே விலகிவிட்டார்.