சீனி வருத்தம் உள்ளவருக்குக் கண் காட்ட எங்கே போவது?

சீனி வருத்தம் உள்ள என் அம்மாவுக்குப் பேப்பர் எழுத்து மங்கத் தொடங்கியபோது, டவுனில் கண்ணாடிக் கடைக்குப் போவதா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனேன். சீனி வருத்தம் உள்ள யாருக்கும் அதையேதான் சொல்வேன்.

ஒப்டிசியனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எழுதித் தந்த நம்பருக்குக் கண்ணாடி வெட்டி, ஃபிரேமில் பொருத்தி, முகத்துக்கு அளவாக்கித் தருவது அவர் வேலை. பார்வையை அளந்து அந்த நம்பரை எழுதுபவர் ஒப்டோமெட்ரிஸ்ட். இதற்கென்றே டிப்ளோமாவோ பட்டமோ படித்தவர். நோயின் அறிகுறி தெரிந்தால் டொக்டரிடம் அனுப்பவும் பழகியவர். கடையில் உங்கள் கண்ணைப் பார்ப்பவர் இதில் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பேயில்லை.

கண் வைத்திய நிபுணரின் பாதை வேறு. 5 வருட எம்.பி.பி.எஸ்., 1 வருட உள்ளகப் பயிற்சி, அதன் மேல் கண்ணுக்கென்றே பல வருடப் பட்டப்பின் படிப்பும் வெளிநாட்டுப் பயிற்சியும். மருந்து, லேசர், சத்திரசிகிச்சை எல்லாம் அவர் கையில்.

என் முடிவுக்குக் காரணம் விழித்திரைதான். சீனி கூடிக்கூடி அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். ஆரம்பத்தில் வலி இல்லை, மங்கலும் இல்லை. சுவரில் இருக்கும் கடைசி வரி எழுத்தைக்கூட ஒருவர் தடுமாறாமல் வாசிப்பார், உள்ளே நோய் நடந்துகொண்டிருக்கும். எழுத்துப் பலகை அதைக் காட்டாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். நேரத்தோடு கண்டால் லேசரோ ஊசியோ போட்டு இருக்கிற பார்வையைக் காக்கலாம். போன பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே ஒருமுறையும், பிறகு வருடம் ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையின் பவரே மாறும். சீனி கூடியிருக்கும்போது செய்த கண்ணாடி, சீனி கட்டுப்பட்டதும் பொருந்தாமல் போகலாம். காசு வீண். அம்மாவுக்கும் முதலில் சீனியைக் குறையுங்கள், நம்பரைப் பிறகு பார்ப்போம் என்றுதான் டொக்டர் சொன்னார்.

கிளினிக்கில் காத்திருப்பு நீளம், அதை மறைக்க மாட்டேன். காசு கொடுத்து சனல் பண்ணினால், அதாவது தனியாரில் டொக்டரைப் பார்க்க நேரம் பதிந்தால், கொஞ்சம் சுருங்கும். சீனி, பிரஷர் ஒன்றும் இல்லாமல் நாற்பது வயதில் கிட்ட உள்ள எழுத்தை வாசிக்க மட்டும் தடுமாறுகிறவருக்கு நல்ல ஒப்டோமெட்ரிஸ்டே போதும் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் கண் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, அதில் அபிப்பிராயம் சொல்ல மாட்டேன்.

கிளினிக்குக்குப் போகும்போது சீனிக் கொப்பியையும் பழைய கண்ணாடியையும் எடுத்துப்போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்ட உள்ளது தெரியாது. மோட்டார் சைக்கிளில் தனியே போய், அந்தக் கண்ணோடு கல்லடிப் பாலம் கடந்து ஓடி வர வேண்டாம். கூட ஒருவர் வரட்டும்.