சீன மொழி வகுப்பு: டவுனுக்கு அனுப்புவதா, போனில் படிக்க வைப்பதா?

எல்ல, நுவரெலியா, கண்டி பக்கம் சீனச் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துப் பார்த்து, “பிள்ளைக்குச் சீனமும் ஒரு பக்கம் ஓடட்டுமே” என்ற நினைப்பு நம் பெற்றோருக்கும் வந்துவிட்டது. கைடு வேலை, ஹோட்டல் வேலை, கொழும்பில் சீனக் கம்பனிகள், அப்புறம் சீனப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் என்று சொல்லும் காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் வெகு தூரம். அந்த வயதில் முடிவு செய்ய வேண்டியது எந்த வகுப்பு என்பதை மட்டும்தான்.

மலையகத்தில் இருந்துகொண்டு தெரிவு செய்யக்கூடியவை பெரும்பாலும் நான்கு. டவுனில் வார இறுதியில் நடக்கும் நேரடி வகுப்பு, கொழும்பிலிருந்து ஸூமில் நடத்தும் குழு வகுப்பு, சீனாவில் இருக்கும் ஆசிரியரோடு தனியாக நடக்கும் ஆன்லைன் பாடம், கடைசியாகப் போனில் இறக்கிக்கொள்ளும் செயலி. கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பிள்ளை பிழையாக உச்சரிக்கும்போது அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்த ஆள் இருக்கிறதா?

காரணம் இருக்கிறது. வகுப்புகளில் கற்பிக்கும் மாண்டரினில், அதாவது சீனாவின் பொது மொழியில், நான்கு தொனிகள், போதாததற்கு அழுத்தமில்லாத மென்தொனி ஒன்று. வாங்குவதும் ‘மை’, விற்பதும் ‘மை’. குரல் அடியில் தாழ்ந்து வளைந்தால் வாங்குவது. மேலிருந்து வெடுக்கென்று விழுந்தால் விற்பது. நாம் குரலை ஏற்றி இறக்குவது கேள்விக்கும் கோபத்துக்கும்தான், சொல்லின் பொருள் அதனால் மாறுவதில்லை. அடுத்தது காற்று. சீனத்தில் இரண்டு வகைப் பகரம் உண்டு. ஒன்று நம் ‘பல்’லில் வருவது போல் காற்றில்லாதது, மற்றது காற்றைத் தள்ளிக்கொண்டு வருவது. ககரம், தகரத்துக்கும் இதே கதை. நம் பிள்ளைக்கு முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். கெட்டிக்கார டீச்சர் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பிள்ளையின் வாய்க்கு முன்னால் பிடிப்பார். முதல் ஒலிக்குக் கடதாசி அசையக் கூடாது. இரண்டாவதற்குப் படக்கென்று விலக வேண்டும். பிள்ளைக்கு அது விளையாட்டு, காதுக்கு நல்ல பயிற்சி.

நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் சீன ரகரத்துக்கு நாக்கு போய் நிற்கும் இடம் நம் ழகரத்துக்குப் பக்கத்தில். பிள்ளைகள் பாதிப் பேர் ‘மழை’யை ‘மளை’ ஆக்கிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

சரி, டவுன் வகுப்பு. கற்பிப்பவர்கள் பெரும்பாலும் சீனாவில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள், யுவதிகள். பாட்டு, சைகை, நிறம், பழம், மிருகம் என்று ஓடும் வகுப்பில் சிறு பிள்ளைகள் பூந்து விளையாடுவார்கள். கூட்டமாகக் கத்திச் சொல்வதில் வெட்கமும் போய்விடும். பிரச்சினை எண்ணிக்கையில். இருபது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது பின்வரிசையில் யார் தொனியை விழுங்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? விளக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருவதையும் கவனிக்க வேண்டும். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை, தெரியாத மொழியைப் பாதி தெரிந்த மொழி வழியாகக் கற்க வேண்டியிருக்கும். அப்புறம் பயணம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வந்தால் அன்றைய நாள் முடிந்தது. கூடப் போகும் அம்மா தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் சனிக்கிழமைப் பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், போச்சு. அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கட்டணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். டவுனுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இந்த வகுப்பே முதல் தெரிவு.

கொழும்பு ஸூம் குழு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையில் பதினைந்து இருபது முகங்கள், எல்லார் மைக்கும் மூடியிருக்கும். நேரடி வகுப்பின் கலகலப்பும் கிடையாது, தனி வகுப்பின் கவனிப்பும் கிடையாது. பத்து வயதுக்கு மேற்பட்ட, தானாக எழுதிப் படிக்கும் பிள்ளைக்குச் சரிவரலாம். சின்னதுகளுக்கு வேண்டாம்.

சீன ஆசிரியரோடு தனி வகுப்பு என்றால், உச்சரிப்பைத் திருத்துவதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. நேரமும் ஒத்துவரும்: சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, இங்கே மாலை 6 மணி என்றால் அங்கே இரவு 8.30. பாடசாலை முடிந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காரலாம். ஆனால் ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. பொம்மையும் படமும் காட்டி நடத்தத் தெரிந்தவராக இருந்தால் மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போகிறவர் என்றால் பிள்ளை பொம்மை மாதிரி தலையாட்டும், அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிடம் போதும்; ஒரு மணி நேரப் பாடம் இந்த வயதுக்குத் தண்டனை. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும், கரண்ட் எத்தனை தரம் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தவறிய வகுப்பை வேறு நாளில் தருவார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செயலி மலிவு, சிலது இலவசம். சொற்களைக் கேட்கவும் படத்தோடு பொருத்தவும் நல்லது. பிள்ளை தொனியைத் தவறாகச் சொன்னாலும் சில செயலிகள் பச்சை விளக்குப் போட்டுவிடும். ஆகவே வகுப்புக்குத் துணையாக மட்டும். யூடியூப் கார்ட்டூன் போடுகிறவர்கள் அது மாண்டரினா, ஹொங்கொங் பக்கம் பேசும் கான்டனீஸா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வகுப்பானாலும் பின்யினை எப்போது தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை அது. அதில் ‘க்யூ’ எழுத்துக்குச் ‘ச்சி’ போன்ற ஒலி, ‘எக்ஸ்’ எழுத்துக்கு ‘ஷி’ போன்ற ஒலி. நம் பாடசாலைகளில் ஆங்கிலம் முறையான பாடமாவது தரம் 3-இல். அதே சமயத்தில் இதையும் திணித்தால் இரண்டும் குழம்பும். முதலில் சில மாதம் காதால் கேட்டு வாயால் சொல்ல வைத்து, பிறகு எழுத்துக்கு வரும் வகுப்பே என் தெரிவு.

எழுதுவதற்கு விலையுயர்ந்த பயிற்சிக் கொப்பி விற்பார்கள். தேவையில்லை. கணக்குப் பாடத்துச் சதுரக் கோட்டுக் கொப்பியில் நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெட்டியாக்கினால், சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகும் குறுக்குக்கோட்டுப் பெட்டி தயார். கோடுகளை எந்த வரிசையில் இழுப்பது என்பதை மட்டும் ஆசிரியர் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கற்பிப்பது சீனாவிலும் சிங்கப்பூரிலும் புழங்கும் எளிமையாக்கிய எழுத்தா என்றும் கேளுங்கள். தைவான், ஹொங்கொங் பக்கம் பழைய எழுத்து.

“எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) பரீட்சைக்குத் தயார் செய்கிறோம்” என்று சின்னப் பிள்ளைகளுக்கு விளம்பரம் செய்தால் சந்தேகப்படுங்கள். அது பெரியவர்களை மனதில் வைத்த தேர்வு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைசிடி என்று தனியாக நான்கு மட்டங்களில் இருக்கிறது. முதல் மட்டத்துக்கு 80 சொற்கள், நான்காவதுக்கு 600. ஒரு வருடத்தில் முதல் மட்டத்தைத் தாண்டினாலே நல்ல முன்னேற்றம்.

இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கடையில் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசத் தடுமாறும் பிள்ளைக்குச் சீன வகுப்புக்குக் கட்டும் காசைச் சிங்களத்துக்குக் கட்டுவேன். இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அது முதலில் கைகொடுக்கும். சீனத்தைப் பத்து வயதிலும் தொடங்கலாம்.

எல்லாம் சரி என்றால் மாதிரி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையைத் தனியாகப் பேச வைத்தாரா, நிறுத்தித் திருத்தினாரா, திருத்திய பிறகு பிள்ளை மறுபடி வாய் திறந்ததா என்று பார்த்தால் போதும். ஆண்டுக்கு மொத்தமாக முற்பணம் கேட்கும் இடத்தில் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், மாதக் கட்டணமே நல்லது. தரம் 4-க்கு வந்ததும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்புகள் சனி, ஞாயிறை விழுங்கத் தொடங்கும். அப்போது சீன வகுப்பை வாரத்தில் ஒரு மாலைக்குச் சுருக்க வேண்டியிருக்கும். முழுக் கட்டணத்தையும் வாங்கிவிட்டவர்கள் அதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.